முதலடி அவளுடையது

ஒலொமோட்ஸில் காலை பத்து மணி ஒத்திகை.
டிராம் கம்பியிலிருந்து பனி உதிர்கிறது.
எண்பது பேர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு
நாற்காலிகளில் அமர்ந்து
ஒரு நடனத்தைத் தொடங்குகிறார்கள்.

யாரும் ஆடப்போவதில்லை.
நாளை மாலை கேட்க வருகிறவர்களும்
கால்மேல் கால் போட்டுத்தான் இருப்பார்கள்.
இருமலைக்கூடப் பகுதி முடியும்வரை
நெஞ்சுக்குள் சேர்த்து வைப்பார்கள்.

சிம்பொனியின் மூன்றாம் பகுதி.
உழவர்கள் களத்தில் மிதித்து ஆடியதை
யாரோ ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்
காகிதத்துக்குக் கூட்டிவந்தார்.
பூட்ஸை வாசலில் கழற்றச் சொல்லவில்லை.
"சேறு கேட்கவில்லையே" என்று
கோலை இறக்குகிறார் இசை நடத்துநர்.
மறுபடியும்.

வியோலா, இரண்டாம் வரிசை: ஓட்மர் ஸ்கௌமல்.
தகிட என்று எண்ணினால்
'த' அவருக்கு இல்லை.
இருபத்தாறு ஆண்டுகளாக வால்ட்ஸ் என்றால்
அவர் வில்லுக்கு ஒரு சின்ன ஓய்வுக்குறி,
பிறகு கி, ட.
ஓய்வு, கி, ட.
நிலத்தை வேறு யாராவது போட்டுத் தரவேண்டும்.
அதன்மேல் இவர் இரண்டு எட்டு வைப்பார்.

போடுகிறவள் பிளாஷெனா.
டபுள் பேஸ், வலது ஓரம், உயர முக்காலி.
பதினோரு ஆண்டு மனைவி.
இப்போது ஏழாண்டாக ஒரு வணக்கம்கூட இல்லை.
பிரிந்தபோது நாய் அவளுக்கு,
காளான் பறிக்கும் கூடை இவருக்கு.
இருவருக்கும் வேண்டியிருந்தது கூடைதான்.

அவள் விரல் தந்தியைச் சுண்டுகிறது: த.
அது மரத்தரை வழியாக ஓடிவந்து
முதலில் இவர் உள்ளங்காலில் ஏறுகிறது,
அப்புறம்தான் காதில்.
பதில் சொல்லாமல் இருக்க வழியில்லை.
கி. ட.

இதற்கெல்லாம் என்ன பொருள் என்றால்
விதியின் சுழல், அண்டத்தின் ஆட்டம் என்று
நிகழ்ச்சிக் கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள்.
இருக்கட்டும்.
பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு
உடலைக் கழித்த பிறகும் நடனத்தில் மிஞ்சுவது
இவ்வளவுதான்:
ஒருவர் கால் எடுத்த இடத்தில்
இன்னொருவர் கால் வைத்தே ஆகவேண்டும்.
அன்பு அதற்குத் தேவைப்படவில்லை.
காலம் தவறாமல் இருந்தால் போதும்.

இருநூற்றுப் பதினெட்டாம் சுற்றில்
எழுதியவர் ஒரு குழி வெட்டியிருக்கிறார்.
எட்டுச் சுற்றுக்கு பேஸ்கள் மௌனம்.
'த' இல்லை.
வியோலாக்கள் மட்டும் காற்றின்மேல்
கி ட, கி ட என்று நடக்கவேண்டும்.
நடக்கவில்லை, ஓடுகின்றன.
"ஓடாதீர்கள்."
மறுபடியும் ஓடுகின்றன.

மூன்றாம் முறை
ஓட்மர் தாளிலிருந்து கண்ணை எடுத்து
வலப்பக்கம் பார்க்கிறார்.
பிளாஷெனா வாசிக்கவில்லை.
வில் மடியில் கிடக்கிறது.
ஆனால் மோவாய், அவளுக்கே தெரியாமல்,
முதலடிதோறும் ஒரு நெல் அளவு இறங்குகிறது.
கி. ட.
இறங்குகிறது.
கி. ட.
இம்முறை யாரும் தடுக்கி விழவில்லை.

இடைவேளை.
அவள் பிளாஸ்க்கைத் தேடுகிறாள்.
இவர் தந்தியில் படிந்த ரோசனத் தூளைத் துடைக்கிறார்.
பார்வை எதுவும் பரிமாறப்படவில்லை.

குறுகிய படிக்கட்டில் மட்டும்
அவளுக்குப் பின்னால் வந்தவர்
அவள் முதல் படியில் கால் வைக்கும்வரை
நின்றார்.