எண்பது சதவீதம்

மண்டபத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில்
நான் எழுத்தர்.
உச்சிப்புளியில் எட்டே காலுக்குப் பஸ்.
ஒன்பதுக்குப் பதிவேட்டைத் திறந்தால்
பக்கத்து மடிப்பில் மணல் கிடக்கும்.
யார் கை உதறியதென்று கேட்பதில்லை.

வருகை எண்பது சதவீதம் இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் பிரிவை மூடலாம்
என்பது மேலிடத்து விதி.
விதி எழுதியவருக்கு
விசைப்படகு ஒருநாள் விட்டு ஒருநாள் போவது
தெரிந்திருக்க வேண்டுமென்று
எந்த விதியும் இல்லை.

டீசல் மெக்கானிக் கிங்ஸ்டன்
செவ்வாய் வருவான். புதன் வரமாட்டான்.
வியாழன் வருவான், கண் செக்கச் சிவந்து.
பிரித்துப்போட்ட இன்ஜினுக்குக் கீழே
அரைமணி தூங்குவான்.
அதை வருகையில் சேர்ப்பதா கூடாதா,
சுற்றறிக்கை எதுவும் இல்லை.
சேர்த்தேன்.

நம்புசெல்விக்கு முப்பத்திரண்டு வயது.
எலக்ட்ரீசியன் பிரிவு.
மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்
தென்கடலில் பாசி எடுக்கப் போய்விடுவாள்.
பாறை அறுக்காமலிருக்க
விரல் விரலாய்த் துணி சுற்றுவாளாம்.
வயர் முனையில் டேப் சுற்றும்போதும்
அதே சுற்று. ஒரு பிசிறு நீட்டாது.
ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவள் மகன்
கணக்குத் தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்க
எங்கள் வாசலுக்குத்தான் வருவான்.

பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயர் ஊமையானால்,
ரேஷன் கடைத் தராசு பொய் சொன்னால்,
அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின நாள்
சீரியல் பல்பில் பாதி எரியாவிட்டால்
எல்லாம் எங்கள் சுவரோரம் வந்து
வரிசையில் உட்காரும்.
செய்முறைப் பயிற்சிக்குப் பொருள் போதவில்லை என
மூன்று வருடம் கடிதம் எழுதினேன்.
பதில் வரவில்லை.
ஊர் தன் பழுதையெல்லாம் அனுப்பிவைத்தது.

ஆடியில் ஒரு செவ்வாய்,
கச்சான் மணலை வாரி இறைத்துக்கொண்டிருக்க,
ஆய்வுக்கு அதிகாரி வந்து இறங்கினார்.
வகுப்பில் ஒருவருமில்லை.
கரும்பலகையில் பாதி வரைந்த ஸ்டார்ட்டர் படம்.
மின்விசிறி மட்டும்
யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கே எல்லாரும்?"
"ஐஸ் கம்பெனியில் சார்."
விடியற்காலம் பேனல் எரிந்துவிட்டது.
கட்டி கட்டியாய் ஐஸ் உள்ளே நிற்கிறது,
உடைக்கிற மிஷின் ஓடவில்லை.
கரையில் நாற்பது படகு இறாலும் கணவாயும்.
மதுரையிலிருந்து ஆள் வரச் சாயங்காலமாகும்.
ரில்வானின் மாமு அங்கே வாட்ச்மேன்,
போன் அடித்தார்.
பிரிவே எழுந்து போனது,
பயிற்றுநர் கடைசியாக,
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு.

இவ்வளவும் நான் சொல்லவில்லை.
"அனுமதிக் கடிதம்?" என்றார்.
அது என் வேலை. நான் அடிக்கவில்லை.
சிவப்பு மையில் ஒரு பூஜ்யம் போட்டார்.
நல்ல கையெழுத்து அவருக்கு,
வட்டம் எங்கும் பிசகவில்லை.
பிறகு வெயிலுக்கு
ஜில்லென்று ஏதாவது கேட்டார்.
எதிர்க்கடையில் ஐஸ் இல்லை.

ஜீப் போய் முக்கால் மணி நேரம் கழித்துக்
கரைப்பக்கமிருந்து வந்தது அந்தச் சத்தம்,
ஆயிரம் கண்ணாடியை
ஒரே வாயில் மென்றது போல.
நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.
ஏனென்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு வந்தார்கள்.
முழங்கை வரை கரி.
நம்புசெல்வி கேட்டாள்:
"ஆஜர் போட்டாச்சா மேடம்?"
பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"பையனுக்குப் போட்ட மாதிரியே இருக்கு" என்றாள்,
சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை.
மேசையில் ஒரு பை இறால் வைத்தாள்.
அதிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீர்
பதிவேட்டின் ஓரத்தை நனைத்தது.

குறிப்புக் கட்டம் ஓர் அங்குல அகலம்.
பொடி எழுத்தில் எழுதினேன்:
ஐஸ் கம்பெனி. பேனல் பழுது நீக்கம்.
இருபத்தொரு பேர். செய்முறை.
ஈரத்தில் நீலம் கொஞ்சம் பரவியது.

அறிக்கை எப்படிப் போயிருக்குமோ.
தபால் இன்னும் வரவில்லை.
நாளை புதன்.
கிங்ஸ்டன் வரமாட்டான்.