ஐம்பது மீட்டர்

ஜனவரி. மாலை நாலரைக்கே கும்மிருட்டு.
பெர்கன் பக்கமிருந்து கிழக்கே ஏறும் சாலையில்
தடுப்புக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் பதினோரு லாரிகள்,
அந்தப் பக்கம் காற்று மட்டும்.
கணவாய்க்குப் போன பனி வாரும் வண்டி
திரும்பி வரும்வரை யாருக்கும் வழியில்லை.
அதற்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டி
நான் கேட்க வேண்டியது ஒரே கேள்வி.

"சங்கிலி இருக்கிறதா?"

இருக்கிறது என்பார்கள்.
இல்லை என்று சொன்னவனை
இருபத்திரண்டு குளிர்காலத்தில் பார்த்ததில்லை.
ஆகவே இரண்டாவதாக ஒன்று வைத்திருக்கிறேன்:
"காட்டு."
அது எந்தக் குளிர்காலத்தில் பிறந்தது என்று
யாரும் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

எட்டாவது வண்டி. பத்தொன்பது டன் சால்மன்.
ஓட்டுநர் ஜிகிமந்தாஸ், லிதுவேனியாக்காரன்,
காலில் கோடைக்கான கேன்வாஸ் ஷூ.
பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தான்.
சங்கிலி இருந்தது;
உறை கிழியாமல், விலைச்சீட்டு ஒட்டியபடி,
வராத விருந்தாளிக்கென்று
எடுத்துவைத்த பீங்கான் தட்டுபோல.

"மாட்டு" என்றேன்.

மண்டியிட்டான். விரித்தான்.
டயரின் தலையில் போர்த்தி
உள்பக்கம் கைவிட்டுக் கொக்கியைத் துழாவினான்.
கையுறை இருந்தால் கொக்கி அகப்படாது,
கழற்றினால் விரல் அகப்படாது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்;
அடித்துவிட்டு அவனே வெட்கப்பட்டு நிறுத்தினான்.
கால்மணி நேரம் இழுத்த பிறகு
இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன,
நடுவே இரண்டு சாண் வெற்று ரப்பர்.

வேறு அளவு.
ஏதோ ஒரு கிடங்கில் யாரோ
எண்ணைப் பார்க்காமல் எடுத்துப் போட்ட இரும்பு.
எடை சரி, எண்ணிக்கை சரி,
ரசீதுகூடச் சரி.

கவுனாஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டு
என்னிடம் நீட்டினான்.
கதகதப்பான அறையிலிருந்து ஒரு குரல்:
"சங்கிலி இருக்க வேண்டும், அவ்வளவுதானே சட்டம்?
இருக்கிறதே."
"இருக்கிறது, ஐயா. இந்த டயருக்குத்தான் இல்லை."

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதெல்லாம்
மனிதர் கணக்கு.
நாற்பது டன் சறுக்கினால்
முழத்தில் நிற்காது.
இறக்கத்தின் நான்காவது வளைவில் ஒரு வீடு,
ஜன்னலில் எப்போதும் ஒரு விளக்கு.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருக்கிற கட்டத்தில்
தடை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஏழு மணிக்குப் பனி வண்டியின் பின்னே
பத்து லாரிகள் கிணுகிணுத்துக்கொண்டு ஏறின.
சங்கிலி பூட்டியவர்கள் போனார்கள்.
பூட்டாதவன் கட்டுண்டு கிடந்தான்.

நடுராத்திரி காபி கொண்டுபோனேன்.
வாங்கிக்கொண்டான், நன்றி சொல்லவில்லை.
"மீன் என்ன ஆகும்?"
"மீன் கெடாது," என்றான்,
"சம்பளம்தான் கெடும்."

காலை ஐந்தரைக்கு அடிவாரப் பட்டறை ஐலர்ட்
சரியான அளவைக் கொண்டுவந்தான்,
இரட்டை விலைக்கு, சிரிக்காமல்.
ஜிகிமந்தாஸ் தானே மாட்டினான்,
யாரையும் தொடவிடவில்லை.
நான் கடிகாரம் பார்க்கவில்லை.
பார்த்தேன். இருபத்தாறு நிமிடம்.

கம்பத்தை உயர்த்தினேன். வண்டி நகர்ந்தது.
இனி அவன் பாடு.

புதிதாய் மாட்டிய சங்கிலி
கொஞ்சம் உருண்டதும் தளரும்.
நிறுத்தி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும்.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது,
கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்.
நான் சொல்ல மறந்திருந்தேன்.
கம்பத்தைத் தாண்டினால்
எனக்குக் கேள்வியும் கிடையாது.

ஐம்பது மீட்டர் போயிருக்கும்.
பிரேக் விளக்கு சிவந்தது.
கதவு திறந்தது.
கேன்வாஸ் ஷூ இரண்டும்
பனியில் இறங்கின.