அறைய ஓர் அறை

பாலையூற்றில், நெவில் அன்ட்ராடோவின்
வெல்டிங் கடைக்குப் பின்னால்
பேஸ் கிட்டாரை மல்லாக்கக் கிடத்தினோம்.
நான்கு கம்பியும் கழற்றியாயிற்று.
அடிமட்டம், பென்சில், இரவல் உளி,
அரைப் போத்தல் நெக்டோ.

குறை இதுதான்.
பெருவிரல் கடைசிப் பிரெட்டின்மேல் அறைகிறது, சரி.
சுட்டுவிரல் கம்பிக்கு அடியில் நுழைந்து
சுண்டி எழ வேண்டிய இடத்தில்
கழுத்துப் பிக்கப் குந்தியிருக்கிறது,
பஸ்ஸில் ஓரச் சீட்டுக்காரன்
காலை மடக்காத மாதிரி.
நகம் பிளாஸ்டிக்கில் மோதி
டக்.
அந்த டக் அம்ப்பிலும் கேட்கும்.
போன ஞாயிறு உப்புவெளிக் கலியாணத்தில்
மாப்பிள்ளையின் சித்தப்பா
வயர் லூஸ் என்று
நாலு தரம் வந்து ஆட்டிப் பார்த்தார்.

வீட்டில் பறங்கிப் பாஷை பேசுகிற நெவில்தான் சொன்னான்:
"உங்கட தமிழிலயே இருக்கு மச்சான்.
அறையிறதுக்கு அறை வேணும்."

எவ்வளவு தள்ளுவது?
பிரிட்ஜ் பக்கம் போகப் போகக் குரல் மெலியும்,
தடிமன் பிடித்தவன் மூக்கால் கூப்பிடுவது போல.
கழுத்துப் பக்கம் உருண்டை, வயிறு நிறைந்த சத்தம்,
விரலுக்குத்தான் வழியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது.
ஆடுகிற கம்பியில் ஆடாத புள்ளிகள் உண்டு.
அதற்கு நேர் கீழே பிக்கப் இருந்தால்
ஒரு மேற்சுரம் மட்டும் அதற்குக் கேட்காது.
பழுதில்லை. இருந்த இடம் அப்படி.
இடது கை ஒரு பிரெட் நகர்ந்தால்
புள்ளியும் நகர்ந்துவிடும்.

கிண்ணியாப் பாலம் தாண்டி
மோட்டார் சைக்கிளில் ஸ்னேர் டிரம்மோடு வந்த ஜெஸீம்
இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பத்து வயதில் ஓர் இரவு
ஒரே சத்தத்தை
நாங்கள் மூவரும்
மூன்று ஊரிலிருந்து கேட்டோம்.
யாருக்கு எது கேட்காமல் போனது என்று
இதுவரை ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.
இன்றைக்கும் பார்க்கவில்லை.
"வெட்டுங்கடா," என்றான்.

இருபத்திரண்டு மில்லிமீற்றர்.
மரத்தூள் நெக்டோவில் விழுந்தது, குடித்தோம்.
ஸ்க்ரூவை இரண்டு சுற்று இறக்கி
கம்பி மாட்டி, சுருதி கூட்டி
அறைந்தேன்.
தகரக் கூரையில் தொங்கிய கிரைண்டர் நடுங்கியது.
சுண்டினேன்.
டக் இல்லை.
வெடித்து எழுந்தது ஜி கம்பி,
சுடு சட்டியில் கடுகு.

"வயிறு கொஞ்சம் வத்திட்டு," என்றான் ஜெஸீம்.
உண்மைதான்.
மெதுவான பாட்டுகளில் அது தெரியும்.
தேவாலயத்துப் பாட்டுக்கு வேறு கிட்டார் கேட்பார்கள்,
கேட்கட்டும்.

பழைய குழி பாதி திறந்தே கிடக்கிறது.
பசையும் தூளும் இருக்கு, மூடிவிடவா என்றான் நெவில்.
வேண்டாம்.
சுண்டி எழுந்த விரல்
அடுத்த அடிக்குத் திரும்பும்போது
ஒவ்வொரு தடவையும்
அதற்குள்தான் இறங்குகிறது.