சொந்தப் பணம்: ரூபாய் எண்பது

கிங்ஸ் சர்க்கிள். இரண்டாம் ஜன்னல்.
உட்காருமுன் பதிவேட்டில் எழுத வேண்டும்
நான் கொண்டுவந்த காசு எவ்வளவென்று.
எழுதுகிறேன்: சொந்தப் பணம், ரூபாய் எண்பது.
எண்பதும் நாணயம்.
"உண்டியலை உடைச்சியா?" என்பாள்
முதல் ஜன்னல் ஃபர்ஸானா, தினமும்.

கண்ணாடியின் அரைவட்ட ஓட்டை வழியே
கைகள் வருகின்றன. முகம் பார்க்க நேரமில்லை.
மீன் நெடி, டீசல் நெடி,
வியர்வையில் ஊறி எட்டாய் மடிந்த பத்துகள்.
வடாலா ஒன்று. அந்தேரி ரெண்டு, ரிட்டர்ன்.
விரல்தான் முதலில் கண்டுகொள்ளும்.
புதுத்தாள் வழுக்கும். பழசோ
துவைத்துத் துவைத்து இளைத்த நூல்புடவை மாதிரி
கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.
இடது ஓரத்தில் வங்கிக்காரன் பின்னடித்த
இரண்டு பொத்தல்கள், சுற்றிலும் துரு.
அப்போதுதான் குனிந்து பார்ப்பேன்.

டிராக்டர் ஐந்து!
உழுகிறவனுக்குப் பின்னால் சூரியன்.
என் நாணயம் ஒன்று டிராயருக்குள் விழ,
டிராக்டரை ஓட்டிப்போய் நிறுத்துவேன்
சீசன் டிக்கெட் பாரங்களுக்கு அடியில்.
மாலைக் கணக்கு ஒரு பைசா பிசகாது.
களவென்றால் ஏதாவது குறைய வேண்டாமா?

வீட்டில் எல்.ஐ.சி. ஃபைலுக்குள் இருப்பவை:
"சுமன் 2 லிட்டர்" என்று யாரோ
பால்கணக்கு எழுதிய இருபது.
எண்ணுக்கு நடுவே நட்சத்திரமிட்ட பத்து,
அச்சில் கெட்டுப்போன ஏதோ ஒன்றின் மாற்றாள்.
பிறகு அந்த ஒரு ரூபாய்.
அதன் முதுகில் கடலுக்குள் எண்ணெய் தோண்டும் மேடை.
நம் கடல்தான், கொஞ்சம் தள்ளிப்போனால்.
மற்ற தாள்களெல்லாம் தருவதாக வாக்குக் கொடுக்கும்.
ஒரு ரூபாய்த் தாளில் அந்த வரியே கிடையாது.
அது யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.
எனக்கு அதை அதிகம் பிடிக்கும்.

எட்டு மணிநேரம் மராத்தியும் இந்தியும் பேசியபின்
தாளைத் திருப்பி, மொழிகளின் ஏணியில்
கீழிருந்து மூன்றாம் படியை
வாய்க்குள் ஒருமுறை வாசிப்பேன்.
ஐந்து ரூபாய்.
அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை மாதிரி இன்னொரு நாள் வாய்க்காது.
பத்து மணிக்குள் டிராக்டர்.
பதினொன்றுக்கு மயில் பத்து.
தாதர் பூக்காரி ஒருத்தி
முந்தானை முடிச்சவிழ்த்துத் தள்ளிய சில்லறையில்
புலி! இரண்டு ரூபாய்!
மீசை கூட மங்கவில்லை.

பன்னிரண்டுக்கு விஜிலன்ஸ். பெட்னேகர்.
டிராயரைக் கவிழ்த்து எண்ணினார். சரி.
என் பையை எண்ணினார். அறுபத்து மூன்று.
பதிவேடு: எண்பது.
பாரக் கட்டைத் தூக்கினார்.
மயில், டிராக்டர், புலி: பதினேழு.
விரல்விட்டுக் கூட்டினார். மறுபடி கூட்டினார்.
அவருக்கே கோபம் வந்தது
தொகை சரியாய் இருப்பதில்.
"அரசு மேஜையில் கிடக்கும் பணம்
அரசுப் பணம்" என்றார் கடைசியில்.
புலியை மட்டும் ட்யூப்லைட்டுக்கு நேராய்
கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார்.
பிறகு மூன்றும் டிராயருக்குள்.
அறிக்கையில் என் பெயர், அன்னபாக்கியம்.
குற்றம்: கையிருப்பு அதிகம், ரூபாய் பதினேழு.

வரிசை ரயில்பாலம் வரை நீண்டிருந்தது.
"வடாலா ஒண்ணு." நீட்டியது பத்து.
மீதி கொடுக்கணும். டிராயரில் ஐந்தாக இருந்தது
அது ஒன்றுதான்.
பெட்னேகர் என் தோளுக்குப் பின்னால்
பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.
தள்ளினேன்.

கை எடுத்தது. நகரவில்லை.
பின்னாலிருந்து "அரே சலோ பாய்" என்று கத்தினார்கள்.
கட்டைவிரல் தாளை மெல்லத் தேய்த்தது,
ஓரம்வரை போய், பொத்தல்களில் நின்றது.
மூன்று வருடத்தில் முதல்முறையாகக் குனிந்து
ஒரு முகத்தைப் பார்த்தேன்.
கூரியர் பையன். இருபது வயதிருக்கும்.
பர்ஸைத் தொடவில்லை அவன்.
செல்போனின் கவரைக் கழற்றினான்.