எங்க நிக்கே?

வள்ளியூர், ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, பேக்கரி மாடி.
காத்து தள்ளித் தள்ளி ஜன்னலுக்குக் கொக்கி போய்விட்டது.
குறிமுறைக் கோப்பின் பதினாறாம் பதிப்பு
கல் பாரத்தில் கிடக்கிறது.

கடலில் இன்னும் ஒரு கம்பமும் இல்லை.
கூட்டப்புளிக்கு நேரே அலை மட்டும்.
நான் பேர் வைத்தாயிற்று:
அறுபத்திரண்டு காற்றாலை, ஒவ்வொன்றுக்குள்ளும்
கதவு, ஏணி, எண்ணெய்ப் பம்பு,
பம்புக்குள் வடிகட்டி, வடிகட்டிக்கு ஒரு வளையம்.
பிறக்கும் முன்னே பேர் வைக்கக் கூடாது என்பாள் மாமியார்.
மாதச் சம்பளம் அதற்குத்தான்.

சமக்குறி வந்தால், என்ன வேலை.
கழித்தல் வந்தால், என்ன சாமான்.
கூட்டல் வந்தால், எங்கே இருக்கிறது.
பம்பு செத்தால் புதுப் பம்பு
அதே சமக்குறியில் வந்து உட்காரும்,
தாசில்தார் மாறினாலும் நாற்காலி மாறாத மாதிரி.

மூன்று வருடம் முன்பு, ஆனி மாதம்,
பழவூர்க் காட்டில், ஆலைக்குள்
ஏணியிலிருந்து ததேயுஸ் விழுந்தான்.
மீட்டர் பெட்டியில் அந்த ஆலைக்கு
ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.
கம்பெனிப் பலகையில் கே இருபத்து மூன்று.
பக்கத்துக் கம்பெனிக்கும்
ஒரு கே இருபத்து மூன்று உண்டு,
நாலு கிலோமீட்டர் தள்ளி, பணகுடிப் பக்கம்.

'எங்க நிக்கே?'
'கே இருபத்து மூணு' என்றான் சப்பாணிமுத்து.
பொய்யில்லை.
ஆம்புலன்சும் கே இருபத்து மூன்றுக்குத்தான் போனது.
அங்கே ஆடு நின்றது.

நாற்பது நிமிடம்.
இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அதை எழுத என் கோப்பில் கட்டம் இல்லை.
'ஒரு குறி, ஒரு பொருளுக்கே'
இரண்டாம் பக்கம், முதல் வரி. அவ்வளவுதான்.
இதற்கு எதற்குத் தடித்த எழுத்து, என்றார்
சென்னையிலிருந்து வந்தவர்.
எதிர் மேசையில் ததேயுஸ்
பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் கடற்கரைக்குப் போவான்.
போனில் குறிகளைக் கத்துவான்.
காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுவது என் வேலை.
பி, டி, ஜி, இ:
காத்துக்குள் நாலும் ஒரே ஆள்.
ஓவும் சைபரும் தாளிலேயே இரட்டைப் பிள்ளை,
ஐயும் ஒன்றும் அப்படித்தான், அவை முதல் வாரமே வெளியே.
'ழ போட்டா என்ன?' என்றான் ஒருநாள்.
'நம்மூர்ல எவன் அதைச் சரியாச் சொல்லுவான்?'

நேற்று பதினான்கு எழுத்து அனுப்பினான்.
என் தாளில் பதிமூன்று.
'காத்து தின்னுட்டு. எது போச்சுன்னு பாரு.'
பார்த்தேன்.
அறுபத்திரண்டு ஆலையிலும் அந்த எழுத்தை எடுத்தேன்.
பதினேழாம் பதிப்பு.

இருட்டிக்கொண்டு வந்தது.
'எங்க நிக்கே?' என்றேன்.
'நீல வள்ளத்துக்குப் பக்கத்துல.'
கொஞ்ச நேரம் காத்து மட்டும்.
அப்புறம்,
'இரு, இங்க ரெண்டு நீலம் கிடக்கு.'