வெப்ராளம்

குலசேகரம். இரவு இரண்டு நாற்பது.
ஆறாம் கட்டிலில் தபசிமுத்து, வயது ஐம்பத்து மூன்று,
தொழில் ரப்பர் பால்வெட்டு.
விரல் இடுக்கில் இன்னும் உரியாத ஒட்டுப்பால்.
என்ன செய்யுது என்றேன்.
"ஒரே வெப்ராளமா இருக்கு சிஸ்டரே."

கேஸ் ஷீட்டில் முதல் வரி
ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்,
நோயாளியின் சொந்த வார்த்தையிலும் இருக்க வேண்டும்.
இரண்டும் விதி. இரண்டையும் எழுதியவர்
எங்கள் வார்டில் ஒருநாளும் படுத்ததில்லை.

டாக்டருக்குப் புவனேஸ்வரம் பக்கம். நல்ல மனிதர்.
வலியா என்று கேட்கச் சொன்னார்.
"நோவு ஒண்ணும் இல்ல."
மூச்சு? "அது அதுபாட்டுக்குப் போவுது."
பயமா? தபசிமுத்து லேசாய்ச் சிரித்தார்.
"ஆனை எறங்குத தோட்டத்துல
தலையில லைட்டு கெட்டி
ஒத்தைக்கு நிண்ணு வெட்டுகவன் நான்."

ஆங்சைட்டி என்று எழுதி, அடித்தேன்.
அது பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு;
குளித்து, பேனாவை உதறிப் பார்த்து வருவது.
ரெஸ்ட்லெஸ்? இவர்
பலகை மாதிரி கிடக்கிறார், ஓடுவதெல்லாம் உள்ளே.
பால்பிடேஷனை இசிஜி ஒத்துக்கொள்ளவில்லை,
தாளில் மேடும் பள்ளமும் அளந்து வைத்தது போல.
பேனிக் என்றால் சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்த சத்தம்.
வெப்ராளத்துக்குச் சத்தம் கிடையாது.
அடுப்பில் பால் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டோமோ என்று
தக்கலை தாண்டும்போது ஓர்மை வருமே,
வைத்தோமா இல்லையா என்று தெரியாமலே
திருநெல்வேலி வரை உட்கார்ந்திருப்போமே,
அதற்குக் கிட்டத்தில் எங்கோ.

எப்போதிலிருந்து என்றேன்.
குவைத்தில் மகள் ஷைனி, வீட்டுவேலை.
வியாழன் ராத்திரி பேச்சின் நடுவில்
"அப்பா, பொறவு விளிக்கேன்" என்று வைத்தவள்.
இன்று ஞாயிறு.
"பொறவுண்ணா எப்பம்?" என்று என்னைக் கேட்டார்.

அப்படியே எழுதினேன்,
ஆங்கிலத்தில் எட்டு எழுத்தாய்.
டாக்டர் உதடசைத்துப் படித்தார், ஒரு தரம், இன்னொரு தரம்.
ஒரு கோடு. மேலே, கேஸ்ட்ரைட்டிஸ்.
பான் நாற்பது, வெறும் வயிற்றில்.

நாலே காலுக்கு போன் வந்தது.
அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.
இவர் "ஆ... ஆ... சாப்பிட்டியா" என்றார் ஐந்தாறு தரம்.
ஒயரைத் தானே பிடுங்கி,
பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு
கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினார்.
மழை இல்லை, இன்றைக்கு வெட்டு உண்டாம்.
மாத்திரை நன்றாகக் கேட்டிருக்கிறது என்றார் டாக்டர்.

டியூட்டி முடிந்து மார்த்தாண்டம் பஸ்.
கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.
பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன்.
பதினாலாம் தேதி திருவனந்தபுரத்தில் தேர்வு,
தேறினால் லீட்ஸ்.
பேச்சுப் பயிற்சி ஏழு:
இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று
நோயாளியிடம் கனிவாகக் கேட்கவும்.
கேட்டேன், ஆங்கிலத்தில், ஜன்னல் கண்ணாடியிடம்.
திருவட்டாறு போய், ஆற்றூர் வந்தது.
வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.
பொறவு சொல்லணும்.