கடைசியாக எழுதியவர்

பேராதனையில் என் மேசைக்கடியில் மூன்று பெட்டிகள்.
ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேளாதபடி
கம்பியைப் பிடுங்குவேன்,
கொஞ்ச நேரம் தனித்தனியாகத் தப்பு நினைக்க விடுவேன்,
பிறகு மாட்டுவேன்.
இதற்குச் சம்பளம் தந்தார்கள், இருபத்தாறு வருடம்.

கேள்வி ஒன்றுதான்:
ஒருவரையொருவர் கேளாத இருவர்
ஒரே வரியைத் திருத்திவிட்டால்
எது அந்த வரி?

பிந்திய நேரம் எதில் இருக்கிறதோ அது, என்றேன்
முப்பத்தொரு வயதில்.
பன்னிரண்டு பக்கம், நான்கு தேற்றம்.
உதாரவும் நானும் அதைக் கொண்டாடக்
கண்டியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், கொட்டும் மழையில்.

கடைசியாக எழுதியவர் வெல்வார்.
இது எனக்குப் புதிதாய்த் தோன்றியதுதான் விந்தை.
கொழுந்து நிறுக்கிற இடத்தில்
கடைசியாக எழுதியவர் என்றைக்கும் கணக்கப்பிள்ளைதான்.
அம்மா பதினெட்டு கிலோ என்பாள்,
புத்தகம் பதினைந்து என்னும்,
புத்தகத்துக்குத்தான் காசு விழும்.

பரீட்சிக்க, அட்டனுக்கு மேலே ஒரு தோட்டம்.
மேல்பிரிவில் ஒரு மருந்தகம், கீழ்ப்பிரிவில் ஒன்று,
நடுவே பள்ளத்தாக்கும் கோபுரமும்.
இரண்டு மடிக்கணினி, ஒரே பதிவேடு:
பிறந்த பிள்ளைகளின் நிறை.

ஐப்பசி. நாலு நாள் அடைமழை.
கோபுரத்தின் பற்றரி செத்தது.

திங்கள், மேல்பிரிவில் யாரோ விரல் தவறி எழுதியது: 3.1.
புதன், கீழ்ப்பிரிவில் கோமளேஸ்வரி
தராசை இரண்டு தரம் பார்த்து எழுதியது: 2.1.
வெள்ளி, கோபுரம் விழித்தது.
மேல்பிரிவுக் கடிகாரம்
ஒரு வாரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.
3.1 வென்றது,
ஓசையில்லாமல்.

அவள் தொலைபேசியில் கத்தவில்லை.
"மிஸ், நான் எழுதுனது எங்க போச்சு?"
எனக்குப் பதில் தெரியும், அதுதான் கேவலம்.
எங்கும் போகவில்லை. தோற்றது.
தோற்றதை வைத்திருக்க நான் இடம் ஒதுக்கவில்லை.

அவளுடைய கொப்பியின் பின்னட்டையில்
2.1 இருந்தது, பென்சிலில்.
அதை நம்பித் தாயையும் பிள்ளையையும்
சரிந்த ரோட்டுக்கு மேலால் நடத்திக்கொண்டுபோய்
டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான்
என்னை அழைத்திருந்தாள்.

தேற்றங்களில் பிழையில்லை. இன்றும் இல்லை.
'கடிகாரங்கள் ஒத்தோடுவதாகக் கொள்வோம்'
என்று முதற்பக்கத்திலேயே இருந்தது.
கொள்வோம்.
அந்தச் சொல்லை விட்டு நகர முடியாமல்
ஒரு தவணை முழுக்க எதையும் எழுதவில்லை.

இரண்டையும் வைத்திரு. மனிதரைக் கேள்.
இந்த நாலு சொல்லுக்குப் பத்தொன்பது வருடம்.
பயனாளர் குழம்புவர் என்றார்கள் மதிப்பீட்டாளர்கள்.
கேள்வி கேட்கிற மென்பொருளை யார் வாங்குவார்
என்றார் கொழும்புக் கம்பனிக்காரர்.
பயனாளர் குழம்பத்தான் செய்தார்கள்,
பிறகு ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசினார்கள்.
அதை எப்படி அளப்பதென்று தெரியவில்லை;
கட்டுரையில் சேர்க்கவில்லை.

உதார மெல்பேர்னுக்குப் போய்விட்டான்.
கடைசிக் கட்டுரையை எங்கள் மென்பொருளிலேயே எழுதினோம்,
அவன் சுட்டி ஊதா, என்னுடையது பச்சை.
பண்டாரவளையில் மூட்டம் இறங்கினால்
என் வீட்டு இணைப்பு போகும்.
நன்றியுரைக்கு வந்தபோது போனது.
அவள் பெயரை மட்டும் தமிழில் போடுவோம்
என்று முன்பே பேச்சு.
மூட்டம் விலகியபோது, ஒரே இடத்தில்,
கோமளேஸ்வரி கோமலேஸ்வரி.

அச்சகத்தார் கேட்டார்கள்: எதை அழிக்க?
உதாரவுக்கு அங்கே நடுச்சாமம்.
நான் அவளையே அழைத்தேன்.
நெடுநேரம் மணியடித்தது.

"ரெண்டும் இல்ல மிஸ்," என்றாள்,
"பொறப்புப் பத்திரத்துல வேற மாதிரில்ல இருக்கு."